லின்னேயஸ் டிரைப்

லின்னேயஸ் டிரைப் (ஏப்ரல் 14, 1822 - மார்ச் 2, 1902) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படையில் அலுவலராகப் பணியாற்றிய ஒளிப்படக் கலைஞர் ஆவார். மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் அரண்மனைகளையும் 1858 ஆம் ஆண்டில் இவர் படமாக்கினார். தமிழ்நாட்டுக் கட்டடங்களைக் காட்டும் மிகப் பழைய ஒளிப்படங்களுள் இவை அடங்கும். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856 இல் அமர்த்தப்பட்ட இவரது பணி, செலவு மிகுதி என்னும் காரணத்தால் 1859 இல் நிறுத்தப்பட்டது.

கருப்பு வெள்ளைப் படத்தில் ஒளிக்கும் நிழலுக்கும் இடையே அமையும் வேறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) திட்டமிட்டுக் கையாண்ட தொடக்ககால ஒளிப்படக் கலைஞர்களுள் ஒருவராக டிரைப் கருதப்படுகிறார். நிறங்களைச் சரியாக உணராத வேதிப்பொருள்களைக் கொண்டு, கடும் வெயில் அடிக்கும் நாட்டில், கல்லின் வடிவம் தெளிவாகத் தெரியும் படங்களை எடுக்க இவர் கையாண்ட வழிமுறைகள் ஒளிப்படக்கலை பயில்வோருக்கு இன்றும் பயன்படக்கூடியவை.

இளமைக்காலமும் படைப்பணியும்

டிரைப் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், பிளைமவுத் நகரை ஒட்டிய டெவன்போர்ட் என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். தந்தை கொர்னேலியஸ், தாய் மேரி. பிள்ளைகள் பலர் கொண்ட பெரிய குடும்பம் அது. டெவன்போர்ட் பிரித்தானியக் கடற்படையின் கப்பல் கட்டும் தளம் அமைந்த ஊராகும்.

1838 ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பனியின் படையில் சேர்ந்த டிரைப், சென்னை உள்நாட்டுக் காலாட்படையின் 12 ஆவது பிரிவில் இணைந்தார். 1840 இல் லெப்டினன்ட் ஆனார். அடுத்த பத்தாண்டுகளைத் தென்னிந்தியாவில் கழித்த பின்னர், நீண்ட விடுப்பில் இங்கிலாந்து திரும்பினார். உடல்நலக் குறைவு காரணமாக அந்த விடுப்பு 1854 வரை நீண்டது.

ஒளிப்படக்கலையில் ஈடுபாடு

டிரைப் விடுப்பில் இருந்த ஆண்டுகள் ஒளிப்படக்கலை வேகமாகப் பரவிய ஆண்டுகளாகும். வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1841 இல் காப்புரிமை பெற்ற கலோடைப் முறையே தாளில் எதிர்ப்படிமம் (நெகட்டிவ்) எடுத்து, அதிலிருந்து பல நேர்ப்படிமங்களை (பிரிண்ட்) அச்சிடும் வழியைத் திறந்துவிட்டது. 1851 இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த குஸ்தாவ் லெ கிரே, தாளை முதலில் மெழுகில் தோய்த்துப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். அதே ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில் ஒளிப்படங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டன.

1853 இல் இலண்டன் ஒளிப்படச் சங்கம் தொடங்கப்பட்டபோது டிரைப் அதில் உறுப்பினரானார். சொந்த ஊரின் கப்பல் தளத்தையும் கப்பல்களையும் படமெடுத்துப் பயிற்சி பெற்றார். 1854 இல் இந்தியா திரும்பியபோது இவர் கேப்டன் நிலைக்கு உயர்ந்திருந்தார். ஒளிப்படக் கருவிகளையும் உடன் கொண்டுவந்தார்.

போசளர் கோயில்கள்

டிரைப் பெங்களூரில் தங்கியிருந்தபோது, 1854 திசம்பரில், மருத்துவர் ஆன்ட்ரூ நீல் என்பவருடன் மைசூர் நாட்டில் உள்ள ஹளேபீடு, பேலூர் ஆகிய ஊர்களுக்குச் சென்றார். அங்குள்ள போசளர் காலக் கோயில்கள் அதற்கு முன்னர் ஒளிப்படம் எடுக்கப்படாதவை. நுண்ணிய சிற்ப வேலைப்பாடு மிகுந்த இக்கோயில்களின் படங்களை இவர் 1855 இல் சென்னையில் நடைபெற்ற கண்காட்சியில் வைத்தார். தாளில் எடுக்கப்பட்ட படங்களுக்கான முதல்தரப் பதக்கம் இவருக்கு வழங்கப்பட்டது. இதன் பின்னரே அரசு அலுவலர்கள் இவரது திறமையை அறிந்தனர்.

பர்மா தூதுக்குழு

1852 இல் நடந்த இரண்டாம் ஆங்கிலேய-பர்மியப் போருக்குப் பின்னர் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1855 இல் பர்மிய அரசர் மிண்டோனிடம் ஆர்தர் ஃபேயர் தலைமையில் ஒரு தூதுக்குழு அனுப்பப்பட்டது. தலைமை ஆளுநர் டல்ஹௌசி பிரபுவின் விருப்பப்படி டிரைப் இக்குழுவின் ஒளிப்படக்காரராக இணைந்தார். ஹென்றி யூல் குழுவின் செயலாளராகவும், கோல்ஸ்வொர்தி கிராண்ட் ஓவியராகவும் உடன் சென்றனர்.

குழு ஐராவதி ஆற்றின் வழியே பாகான் நகரைக் கடந்து, அப்போதைய தலைநகரான அமரபுரத்தை அடைந்தது. பயணம் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தபோதிலும், மழையாலும் நோயாலும் டிரைப் படமெடுக்க முடிந்த நாட்கள் 36 மட்டுமே. அந்த நாட்களில் இவர் 200 க்கு மேற்பட்ட எதிர்ப்படிமங்களை உருவாக்கினார்.

பெங்களூர் திரும்பிய பின்னர் அவற்றுள் 120 படங்களைத் தெரிவு செய்து, 50 தொகுப்புகளாக 1857 இல் வெளியிட்டார். அதாவது 6,000 நேர்ப்படிமங்கள் ஒவ்வொன்றாக வெயிலில் வைத்து அச்சிடப்பட வேண்டியிருந்தது. அக்காலத்தில் ஒளிப்படம் என்பது எடுப்பதோடு முடிந்துவிடுவதன்று என்பதை இது காட்டுகிறது. அமரபுரம் விரைவிலேயே கைவிடப்பட்டது. தலைநகரம் மண்டலைக்கு மாற்றப்பட்டதால், டிரைப்பின் படங்கள் அந்நகரின் கடைசிக் காலச் சான்றுகளாகிவிட்டன.

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரர்

இந்தியத் தொல்பொருள்களை ஓவியர்களைக் கொண்டு வரைவிப்பதற்கு மாற்றாக ஒளிப்படத்தைப் பயன்படுத்தலாம் என்று கம்பனியின் இயக்குநர்கள் 1855 இல் அறிவுறுத்தினர். பம்பாய் மாகாணத்தில் தாமஸ் பிக்ஸ் என்னும் படை அலுவலர் இப்பணிக்கு அமர்த்தப்பட்டார். சென்னை மாகாணத்தில் 1856 இல் டிரைப் தெரிவு செய்யப்பட்டார். கட்டடங்களும் கல்வெட்டுகளும் மறைந்துபோவதற்கு முன்னர் அவற்றைப் பதிவு செய்வதே பணியின் நோக்கமாகும்.

இதே ஆண்டில் சென்னையில் ஒளிப்படச் சங்கம் ஒன்று தோன்றியது. அதற்கு முன்னின்றவர் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர். இவர் 1850 இல் நிறுவிய தொழிற்கலைப் பள்ளியே பின்னாளில் சென்னைக் கவின்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. அப்பள்ளியைச் சேர்ந்த ஐயாசாமி என்பவர் டிரைப்பிடம் பயிற்சி பெற்றார். தொழில்முறையாக ஒளிப்படக்கலையில் ஈடுபட்ட முதல் தமிழர்களுள் இவரும் ஒருவர்.

தமிழகப் பயணம்

1857 திசம்பரில் டிரைப் பெங்களூரில் இருந்து புறப்பட்டார். கண்ணாடி வில்லைகள், பெரிய மரப்பெட்டி ஒளிப்படக் கருவி, வேதிப்பொருள்கள், தாள்கள் ஆகியவை மாட்டு வண்டிகளில் கொண்டு செல்லப்பட்டன. சேலம் மாவட்டத்தில் (இன்றைய கிருட்டிணகிரி மாவட்டம்) இருந்த இராயக்கோட்டை வழியாகத் தெற்கே வந்த இவர், திருவரங்கத்தையும் திருச்சிராப்பள்ளியையும் படமெடுத்தார். 1858 சனவரி, பெப்ரவரி மாதங்களில் மதுரையில் தங்கினார். பின்னர் புதுக்கோட்டை, திருமயம் ஆகிய ஊர்களைக் கண்டு, மார்ச், ஏப்ரல் மாதங்களில் தஞ்சாவூரிலும் திருவையாற்றிலும் பணியாற்றினார். ஏறத்தாழ நான்கரை மாதங்களில் இப்பயணம் நிறைவுற்றது.

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலின் கோபுரங்கள், பொற்றாமரைக் குளம், புதுமண்டபம், வண்டியூர்த் தெப்பக்குளம், வைகை ஆற்றைக் கடக்கும் தரைப்பாலம், யானைமலை, திருமலை நாயக்கர் அரண்மனை ஆகியவற்றைப் படமாக்கினார். அரண்மனை அப்போது சிதைந்த நிலையில் இருந்தது. நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராக இருந்த காலத்தில் (1866-1872) அது பழுது பார்க்கப்பட்டது. பழுது பார்ப்பதற்கு முன்னர் அரண்மனை இருந்த நிலையை அறிய டிரைப்பின் படங்கள் உதவுகின்றன.

பயணத்தின் விளைவாக மதுரை, புதுக்கோட்டை, இராயக்கோட்டை, திருவரங்கம், தஞ்சாவூர்-திருவையாறு, திருச்சிராப்பள்ளி ஆகிய தலைப்புகளில் பட்டத் தொகுப்புகள் வெளியிடப்பட்டன. மதுரைக்கு மட்டும் நான்கு பகுதிகள் ஒதுக்கப்பட்டன.

ஒளி வேறுபாட்டைக் கையாண்ட முறை

மெழுகுத்தாள்

டிரைப் தமது பெரிய படங்களுக்கு மெழுகுத்தாள் முறையைப் பின்பற்றினார். மெல்லிய தாளில் தேன்மெழுகை ஊறவைத்து, பொட்டாசியம் அயோடைடு கரைசலில் நனைத்து உலர்த்துவர். பின்னர் வெள்ளி நைத்திரேட்டுக் கரைசலில் இட்டால் தாள் ஒளியை உணரும் தன்மையைப் பெறும். படம் எடுத்தபின் காலிக் அமிலத்தில் உருத்துலக்குவர். கண்ணாடித் தகட்டில் எடுக்கும் கொலோடியன் முறையில் தகடு ஈரம் உலர்வதற்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். மெழுகுத்தாளையோ முன்கூட்டியே ஆயத்தம் செய்து சில நாட்கள் வைத்திருக்கலாம். நீண்ட பயணத்துக்கும் வெப்பமான நாட்டுக்கும் இது ஏற்றதாக இருந்தது. சிறிய இரட்டைப் படங்களுக்கு (ஸ்டீரியோ) டிரைப் கண்ணாடித் தகடுகளையும் பயன்படுத்தினார்.

மெழுகுத்தாளுக்கு ஒரு குறை இருந்தது. அதற்குத் தேவையான ஒளிபடு நேரம் நிமிடக் கணக்கில் நீண்டது. எனவே நடமாடும் மனிதர்கள் படத்தில் பதிவாவதில்லை. டிரைப்பின் கோயில் வீதிகள் பெரும்பாலும் ஆளரவமற்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். அவ்வீதிகள் உண்மையில் வெறிச்சோடிக் கிடந்தன என்று கொள்ளுதல் கூடாது.

நிறத்தை அறியாத தாள்

அக்காலத்து வெள்ளி அயோடைடு, நீலம், ஊதா, புற ஊதா ஆகிய ஒளிகளை மட்டுமே உணர்ந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகியவற்றை அது ஏறத்தாழ உணரவே இல்லை. இதனால் நமது கண்ணுக்குத் தெரியும் ஒளி வேறுபாடும் படத்தில் தெரியும் ஒளி வேறுபாடும் ஒன்றாக இருப்பதில்லை.

நீல வானமும் வெண்மேகமும் கண்ணுக்கு வெவ்வேறானவை. தாளுக்கோ இரண்டும் ஒன்றே. எதிர்ப்படிமத்தில் இரண்டும் ஒரே அளவாகக் கறுத்துவிடுவதால், அச்சிட்ட படத்தில் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். மாறாக, பச்சை இலைகள் கண்ணுக்கு வெளிச்சமாகத் தோன்றினும் படத்தில் கருந்திட்டுகளாகப் பதியும். செங்கல் சுவரும் செம்மண் தரையும் அவ்வாறே இருண்டுவிடும். வெயில் மிகுந்த தமிழ்நாட்டில் இக்குறைகள் மேலும் பெருகும். வெள்ளை வானத்துக்கும் கரிய மரத்துக்கும் நடுவே சாம்பல் நிறக் கோபுரம் தன் வடிவத்தை இழந்துவிடும்.

இச்சிக்கலுக்கு வேதியியல் வழியான தீர்வு பின்னரே கிடைத்தது. 1873 இல் செருமானிய அறிவியலாளர் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகெல், சாயங்களைச் சேர்ப்பதன் மூலம் தகட்டைப் பச்சை ஒளியையும் உணரச் செய்யலாம் என்று கண்டறிந்தார். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தன. மஞ்சள் அல்லது சிவப்பு வடிகட்டியை வில்லையின் முன் பொருத்தி வானத்தை இருளச் செய்யும் முறை அதன் பின்னரே முழுப் பயன் அளித்தது.

தூரிகையின் பயன்பாடு

வேதியியல் செய்ய இயலாததை டிரைப் தூரிகையால் செய்தார். எதிர்ப்படிமத் தாளின் மீது வண்ணப்பொருளைப் பூசினால் அவ்விடத்தில் ஒளி குறைவாக ஊடுருவும். அச்சில் அவ்விடம் வெளிறித் தோன்றும். இந்த எளிய விதியைக் கொண்டு இவர் இரண்டு திருத்தங்களைச் செய்தார்.

முதலாவது, வானம். தாளில் ஏற்பட்ட புள்ளிகளும் கறைகளும் வெள்ளை வானத்தில் எளிதில் கண்ணில் படும். அவற்றை மறைக்க இவர் வானப் பகுதியைப் பூசினார். அப்பூச்சின் அடர்த்தியைக் கூட்டியும் குறைத்தும் மேகங்களையும் உருவாக்கினார். இவ்வாறு வானத்துக்கு மெல்லிய சாம்பல் நிறம் கிடைத்தபோது, அதன் எதிரே கோபுரத்தின் விளிம்பு தெளிவாக எழுந்தது. இரண்டாவது, மரங்கள். கறுத்துப் போன இலைத் தொகுதிகளின் மீது சிறுசிறு பூச்சுகளை இட்டு, இலைகளின் மேல் வெயில் விழுவது போன்ற தோற்றத்தைத் தந்தார்.

லெ கிரே இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தார். 1850களின் பிற்பகுதியில் எடுத்த தமது கடற்காட்சிகள் சிலவற்றில், கடலுக்கு ஓர் எதிர்ப்படிமமும் வானத்துக்கு மற்றோர் எதிர்ப்படிமமும் எடுத்து, இரண்டையும் இணைத்து ஒரே படமாக அச்சிட்டார்.

நேரமும் கோணமும்

தூரிகை கடைசி வழியே. ஒளி வேறுபாட்டைப் பொறுத்தவரை முதன்மையான முடிவு, எந்த நேரத்தில் எங்கே நின்று படமெடுப்பது என்பதாகும். உச்சி வெயிலில் கல்லின் மீது ஒளி மேலிருந்து விழுந்து, துருத்தி நிற்கும் ஒவ்வொரு பகுதியின் கீழும் கரிய நிழலை உண்டாக்கும். எதிரே நின்று முதுகுப்புற ஒளியில் எடுத்தால் நிழலே இன்றிச் சுவர் தட்டையாகத் தோன்றும். பக்கவாட்டில் சாய்ந்து விழும் ஒளியே புடைப்புகளையும் குழிவுகளையும் பிரித்துக் காட்டும்.

டிரைப்பின் படங்களில் கட்டடங்கள் பெரும்பாலும் மூலையை நோக்கிய கோணத்தில் அமைந்துள்ளன. ஒரு பக்கச் சுவர் ஒளியிலும் அடுத்த பக்கம் நிழலிலும் இருப்பதால் கட்டடத்தின் பருமன் உடனே புலப்படுகிறது. மதுரைப் புதுமண்டபத்தின் பக்கத் தாழ்வாரத்தைக் காட்டும் படம் இதற்கு நல்ல சான்றாகும். ஒன்றன்பின் ஒன்றாக விலகிச் செல்லும் தூண்களின் இடையே ஒளி புகுந்து, ஒளியும் இருளும் மாறி மாறி வரும் பட்டைகளை உண்டாக்குகிறது. மண்டபத்தின் நீளத்தை அளவுகோல் இன்றியே அது உணர்த்திவிடுகிறது.

அச்சிடல்

நேர்ப்படிமத்தை அச்சிடும் தாள், உப்புக் கரைசலிலும் வெள்ளி நைத்திரேட்டிலும் தோய்க்கப்பட்டது. எதிர்ப்படிமத்தை அதன் மேல் அழுத்தி வெயிலில் வைத்தால் படம் தானாகவே தோன்றும். இத்தகைய தாளுக்கு ஒரு சிறப்பு உண்டு. நிழற்பகுதிகள் முதலில் கறுக்கும். கறுத்த மேற்பரப்பு தனக்கு அடியில் உள்ள வெள்ளியை மேலும் ஒளிபடாமல் காக்கும். எனவே நிழல் முற்றிலும் மூழ்கிவிடாமல் இருக்க, வெளிச்சப் பகுதிகள் தமக்குரிய நேரத்தை எடுத்துக்கொள்ளும். வெயில் மிகுந்த காட்சியின் கடுமையான ஒளி வேறுபாட்டை இது இயல்பாகவே தணித்தது. டிரைப் தமது படங்களைத் தங்கக் குளோரைடு கரைசலில் தோய்த்து நிறம் ஏற்றினார். பழுப்பு நிறம் ஆழ்ந்த ஊதா கலந்த கருமையாக மாறியதோடு படமும் எளிதில் வெளிறாமல் நீடித்தது.

தஞ்சைக் கல்வெட்டுப் படம்

தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிச் செதுக்கப்பட்டுள்ள கல்வெட்டைப் படமெடுத்தது டிரைப்பின் மிகக் கடினமான பணி எனலாம். ஒரே படத்தில் அடங்காத நீளம் கொண்டது அது. எனவே கருவியைச் சிறிது சிறிதாக நகர்த்தி அடுத்தடுத்த பகுதிகளை எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார்.

இங்கே ஒளி வேறுபாடு அழகுக்காக மட்டும் வேண்டப்படுவதன்று. கல்லில் குழிவாக வெட்டிய எழுத்து, குழியில் நிழல் விழுந்தால் மட்டுமே படிக்கத்தக்கதாகும். எழுத்துக்கும் கல்லுக்கும் நிறம் ஒன்றே. நிழலின் அளவு ஒரு பகுதியில் கூடியும் அடுத்த பகுதியில் குறைந்தும் இருந்தால் ஒட்டிய இடங்கள் பொருந்தாமல் துருத்தித் தெரியும். கருவியின் தொலைவு, ஒளிபடு நேரம், உருத்துலக்கும் நேரம், அச்சின் அடர்த்தி ஆகிய யாவும் ஒருசீராக இருத்தல் வேண்டும்.

பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்பது அக்காலத்து ஆய்வாளர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. இராசராச சோழனே அதனைக் கட்டினான் என்பதைக் கல்வெட்டுகளின் துணையுடன் 1886 இல் உறுதி செய்தவர் யூஜென் ஹூல்ட்ஸ் ஆவார். அதற்கு 28 ஆண்டுகள் முன்னரே டிரைப் அக்கோயிலின் எழுத்துகளைப் படமாக்கியிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

அமராவதிச் சிற்பங்கள்

சென்னை திரும்பிய டிரைப், அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களை 1858 இல் படமெடுத்தார். ஆந்திரப் பகுதியில் உள்ள அமராவதி பௌத்தத் தூபியிலிருந்து வால்டர் எலியட் 1845 இல் அகழ்ந்தெடுத்தவை இவை. அதனால் எலியட் சலவைக்கற்கள் என்றும் அழைக்கப்பட்டன. 1859 இல் இச்சிற்பங்கள் கப்பலேற்றப்பட்டு இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று இவை பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. நாட்டை விட்டுச் செல்வதற்கு முன்னர் இச்சிற்பங்கள் இருந்த நிலையை டிரைப்பின் தொகுப்பு காட்டுகிறது.

பணி நிறுத்தம்

1859 இல் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்லஸ் டிரெவெலியன், அரசின் ஒளிப்படத் துறை நிதிநிலைக்குப் பொருந்தாத ஆடம்பரம் என்று கருதினார். 1857 இல் வட இந்தியாவில் எழுந்த பெருங்கிளர்ச்சியை அடக்கிய செலவால் அரசுக் கருவூலம் நெருக்கடியில் இருந்த காலம் அது. டிரைப்பின் பணி நிறுத்தப்பட்டது. மாகாணம் முழுவதையும் பதிவு செய்யும் நோக்கில் தொடங்கிய முயற்சி, ஒரே ஒரு நீண்ட பயணத்தோடு முடிந்துபோயிற்று.

டிரெவெலியனும் 1860 இல் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். எனினும் டிரைப் அப்பணிக்குத் திரும்பவில்லை. 1860களின் பிற்பகுதியில் எட்மண்ட் டேவிட் லயன் என்பவர் சென்னை அரசுக்காகத் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்தார்.

பிற்கால வாழ்க்கை

டிரைப் 1860 இல் விடுப்பில் இங்கிலாந்து சென்றார். பின்னர் மீண்டும் படைப்பணிக்குத் திரும்பினார். ஒளிப்படக்கலையில் முன்போல் இவர் ஈடுபடவில்லை. 1870களில் ஓய்வு பெற்ற இவருக்கு மேஜர் ஜெனரல் என்னும் மதிப்புநிலை வழங்கப்பட்டது. பிறந்த ஊரான டெவன்போர்ட்டில் 1902 மார்ச் 2 அன்று காலமானார்.

இவரது பெயர் பல ஆண்டுகள் வல்லுநர்களுக்கு மட்டுமே தெரிந்ததாக இருந்தது. இவரது படங்களின் முழுமையான பட்டியலை ஜேனட் டியூவன் 2003 இல் வெளியிட்டார். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் வாசிங்டன் தேசியக் கலைக்கூடம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகியவற்றில் இவரது படங்களின் கண்காட்சி அடுத்தடுத்து நடைபெற்றது. பிரித்தானிய நூலகத்திலும் இவரது படங்கள் பாதுகாக்கப்படுகின்றன.

அரியலூர் வட்டாரமும் டிரைப்பும்

இன்றைய அரியலூர் மாவட்டத்தின் ஆண்டிமடம், செயங்கொண்டம், உடையார்பாளையம் பகுதிகள் டிரைப்பின் காலத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. டிரைப் வெளியிட்ட தொகுப்புகளின் தலைப்புகளில் இப்பகுதியின் ஊர் எதுவும் இடம்பெறவில்லை. ஆண்டிமடத்துக்குத் தெற்கே, செயங்கொண்டத்தை அடுத்து அமைந்துள்ள கங்கைகொண்ட சோழபுரம், இராசேந்திர சோழன் 11 ஆம் நூற்றாண்டில் நிறுவிய தலைநகராகும்.

ஆவணப் பணி ஏன் விரைந்து நடைபெற வேண்டியிருந்தது என்பதை இவ்வூர் விளக்குகிறது. 1836 இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டபோது, கங்கைகொண்ட சோழபுரக் கோயிலின் திருச்சுற்று மதிலும் பிற பகுதிகளும் இடிக்கப்பட்டு, அக்கற்கள் அணைக்குக் கொண்டு செல்லப்பட்டன. ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839 இல். மூன்று ஆண்டுகள் இடைவெளியில் அம்மதிலின் தோற்றம் படமாகாமலேயே மறைந்துவிட்டது. இக்கோயில் 2004 இல் யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ஒளி வேறுபாட்டைக் கற்க விரும்பும் மாணவர்களுக்கு இக்கோயில் பொருத்தமான இடமாகும். தஞ்சை விமானத்தின் விளிம்புகள் நேர்கோடாக உயர்கின்றன. அங்கே ஒளிப் பக்கமும் நிழற் பக்கமும் ஒரு கோட்டில் பிரிந்துவிடும். கங்கைகொண்ட சோழபுர விமானமோ உட்குழிந்த வளைவுடன் எழுகிறது. ஆதலால் ஒளி படிப்படியாகக் குறைந்து நிழலில் கலக்கிறது. ஒரே இடத்தில் நின்று காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளில் கருப்பு வெள்ளையில் எடுத்து ஒப்பிட்டால், டிரைப் நேரத்தையும் கோணத்தையும் ஏன் அவ்வளவு கருதினார் என்பது விளங்கும்.

மதிப்பீடு

டிரைப்பின் படங்களில் உள்ள மேகங்கள் பலவும் அந்நாளில் அவ்விடத்தில் இருந்தவை அல்ல. அரசின் ஆவணமாக எடுக்கப்பட்ட படத்தில் கையால் வரைந்த வானம் இருக்கலாமா என்னும் கேள்வி எழுவது இயல்பே. இக்கேள்விக்கு இரண்டு கூறுகளைக் கருதுதல் வேண்டும். முதலாவது, திருத்தப்படாத படமும் உண்மையானதன்று. நீல வானத்தை வெள்ளையாகவும் பச்சை மரத்தைக் கருப்பாகவும் காட்டும் தாள், கண் கண்டதைத் தவறாகவே தெரிவிக்கிறது. டிரைப்பின் பூச்சு அத்தவற்றை ஓரளவு ஈடு செய்தது. இரண்டாவது, வானத்துக்கும் மரத்துக்கும் அவர் எவ்வளவு தூரிகையைப் பயன்படுத்தினாலும், அப்படங்களின் பயன் கட்டடத்தின் கல்லும் எழுத்தும் கருவி பதிந்தவாறே நிற்பதில்தான் உள்ளது. வானம், இலை ஆகியவற்றைச் சான்றாகக் கொள்ளாமல், கட்டடத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளருக்கு அப்படங்கள் நம்பத்தக்கவை.

20 ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்சு, காட்சியின் ஒளி அளவுகளைப் படிநிலைகளாகப் பிரித்து, அவை அச்சில் எவ்வாறு அமைய வேண்டும் என்று முன்கூட்டியே திட்டமிடும் முறையை ஃபிரெட் ஆர்ச்சருடன் இணைந்து வகுத்தார். ஒளிமானியும் நிறமுணரும் படச்சுருளும் இல்லாத காலத்தில், எடுப்பதற்கு முன்பே அச்சைக் கருதிச் செயற்பட்டவர் என்ற வகையில் டிரைப் அவ்வழியின் முன்னோடிகளுள் ஒருவர் ஆவார். இவரது அரசுப் பணி மூன்றாண்டுகளே நீடித்தது. மதுரை நாயக்கர் அரண்மனையின் சிதைந்த நிலை, மண்டலைக்கு முந்தைய அமரபுரம், கப்பலேறுவதற்கு முந்தைய அமராவதிச் சிற்பங்கள் ஆகியவற்றை இன்று காண இயல்வது அம்மூன்றாண்டுப் பணியாலும் அதற்கு முந்தைய பர்மாப் பயணத்தாலுமே ஆகும்.